வெளிச்சுவர் அறைக்குள் வந்த பிறகு

கொட்டாஞ்சேனையில் 1930களில் கட்டப்பட்ட உங்கள் பாட்டனாரின் வீட்டு முன்விறாந்தையை அடைத்து ஓர் அறையாக்கியிருக்கிறீர்கள். அதனால், முன்பு தெருவைப் பார்த்து நின்ற பதினெட்டு அங்குலக் கபுக்கல் (நிலத்திலிருந்து வெட்டும் செம்பாறைக் கல்) சுவர், வீசியெறிந்து முரடாக விடப்பட்ட பழைய சாந்துப் பூச்சோடு அப்படியே அறையின் உட்சுவராகிவிட்டது. எதிரே புதிதாகக் கட்டிய சீமெந்துக் கல் சுவர் நிற்கிறது. தலைக்கு மேலே பாதி இடம் பிற்காலத்தில் போட்ட கொங்கிரீட் தளத்தின் அடிப்பக்கம். மீதிப் பாதி ஓட்டுக் கூரைக்குக் கீழே அடித்த பழைய அஸ்பெஸ்டஸ் தட்டைச் சீலிங். எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை புட்டி இழுத்தால் போதும் என்கிறார் மேசன் பாஸ். சுவரைத் தொடவே வேண்டாம், சுற்றிவர ஜிப்சம் போர்ட் அடித்து மூடிவிடலாம் என்கிறார் உங்கள் மைத்துனர். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் இந்த அறையின் ஏதோ ஒரு பகுதிக்குப் பொருந்தும். முழு அறைக்கும் பொருந்தாது. பார்வைக்கு ஓர் அறையாக இருந்தாலும் அதற்குள் நான்கு வகையான மேற்பரப்புகள் இருக்கின்றன, அவற்றில் மிகவும் சிக்கலானது பழைய முன்சுவர். அந்தச் சுவர் விறாந்தையில் நின்ற காலத்தில் அடியிலிருந்து ஏறிய ஈரத்தைத் தெருக்காற்று உலர்த்திக்கொண்டிருந்தது. நீங்கள் விறாந்தையை அடைத்தபோது மழைச்சாரல் நின்றது உண்மைதான். ஆனால் காற்றும் நின்றது, நிலத்திலிருந்து ஏறும் ஈரம் நிற்கவில்லை. விறாந்தைத் தரைக்கு டைல் பதித்திருந்தால், முன்பு தரை வழியாக வெளியேறிய ஈரமும் இப்போது சுவரைத்தான் தேடிப் போகும். ஆகவே, எந்தப் பூச்சு அழகாக இருக்கும் என்று கேட்பதற்கு முன்னர், பூசிய பிறகு இந்தச் சுவரின் தண்ணீர் எந்த வழியால் வெளியேறும் என்று கேட்க வேண்டும். நான் கீழே சொல்லும் எல்லாத் தெரிவுகளும் அந்தக் கேள்வியிலிருந்தே வருகின்றன.

முதலில் சுவரை விசாரியுங்கள். ஒரு சிறிய மரச்சுத்தியலாலோ திறப்பின் பின்பக்கத்தாலோ கையெட்டும் தூரமெல்லாம் தட்டிப் பார்த்தால், ஒட்டியிருக்கும் இடம் கெட்டியான ஓசையும், கல்லிலிருந்து விட்டு நிற்கும் இடம் பொள்ளல் ஓசையும் தரும். பொள்ளலான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள்: வெண்மையான மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து, சாம்பல் நிறமாகக் கீறல்கூட விழாமல் நின்றால் சீமெந்துச் சாந்து. பெரும்பாலான பழைய வீடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும், ஏனெனில் மூலப் பூச்சு சுண்ணாம்பாகவும் ஒவ்வொரு தலைமுறையும் போட்ட ஒட்டு சீமெந்தாகவும் இருப்பது வழக்கம். தேசிக்காய்ச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்வோரும் உண்டு. பழைய சீமெந்துச் சாந்தும் நுரைக்கும் என்பதால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. அடுத்ததாக, இரண்டடிக்கு இரண்டடிப் பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நின்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கபுக்கல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று வேலை செய்யும் இளம் மேசன்மார் பலர் சீமெந்துக் கல்லில் மட்டுமே கை பழகியவர்கள். கபுக் நிலத்திலிருந்து வெட்டும்போது கத்தியால் சீவக்கூடிய அளவுக்கு மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு உலர உலர இறுகும் செம்பாறை. உள்ளே நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரைக் கடற்பஞ்சு போல உறிஞ்சிப் பின் மெதுவாக விடும். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே கொழும்பு அதைச் சுண்ணாம்புச் சாந்தோடு சேர்த்துத்தான் கட்டியது. உங்கள் வீட்டுக்கு அண்மையிலேயே நிற்கும், 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் ஏறத்தாழ ஐந்தடித் தடிப்புள்ள சுவர்களும் கபுக்கும் பவளக்கல்லும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியவைதான். அவை இத்தனை பருவமழைகளைத் தாண்டி நிற்பதற்குக் கல்லின் தடிப்பு மட்டும் காரணமல்ல. உள்ளே போன நீர் வெளியே வர மேற்பூச்சு வழிவிடுவதும் ஒரு காரணம். சுண்ணாம்பு ஈரத்தை ஆவியாக வெளியேற்றும். கல் சற்று அசைந்தாலும் தானும் நெகிழ்ந்து கொடுக்கும். உப்பு வந்தால் கல்லுக்குப் பதிலாகத் தான் பொரிந்து விழும்.

அதனால் பழைய கட்டடத்தில் பூச்சு வேலைக்கு எழுதாச் சட்டம் ஒன்று இருக்கிறது: மேலே வரும் ஒவ்வொரு படையும் தனக்குக் கீழுள்ள படையைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும், தடிப்பும் குறைந்துகொண்டே போக வேண்டும். மென்மையான சுண்ணாம்புச் சாந்தின்மேல் ஒன்றுக்கு மூன்று என்று செழிப்பான சீமெந்துச் சாந்தைப் பூசினால், அது இறுகும்போது சுருங்கித் தன்னோடு பழைய சாந்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். நான் தொழிலில் இறங்கிய புதிதில் வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பழைய வீட்டில் இதே தவறைச் செய்தேன். அடிச்சுவரில் மூன்றடி உயரம்வரை உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, நீர்த்தடுப்புத் திரவம் கலந்த சீமெந்துச் சாந்தைக் கண்ணாடிபோலப் பூசிக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா மிகவும் மகிழ்ந்தார். அடுத்த மாரி முடிவதற்குள் ஈரம் என் பூச்சுக்குப் பின்னால் ஏறி, அது முடிந்த மூன்றடிக்கு மேலே, அதுவரை நன்றாயிருந்த சுவரில் நான்கடி ஐந்தடி உயரத்தில் வெளிப்பட்டது. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் சுவரை மட்டும் காட்டினார். பூச்சை உடைத்து எடுத்தபோது அதன் பின்புறத்தில் கபுக்கின் செந்தூளும் வெள்ளை உப்பும் ஒரு விரற்கடைக்கு ஒட்டிக்கொண்டு வந்தன.

உங்கள் சுவரில் ஈரக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடியில் அலைபோன்ற கோடாக நின்றால் அது நிலத்திலிருந்து ஏறுவது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படையே இல்லை. ஜன்னலுக்குக் கீழேயோ மூலையிலோ திட்டாக நின்றால் பீலி, ஓட்டு மடிப்பு, குளியலறைக் குழாய், குளிரூட்டியின் நீர்க்குழாய் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இவற்றில் குறை எதுவும் இருந்தால் அதைத் திருத்தும்வரை எந்தப் பூச்சும் வேண்டாம். வெளியே பக்கச் சந்தின் தரை, சீமெந்து மேல் சீமெந்தாகப் போட்டுப் போட்டு, உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்; கொழும்பின் நெருக்கமான வீடுகளில் ஈரத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், யாரும் கவனிக்காததும் இதுதான். ஆனால் சுவர் முற்றாக உலரும்வரை காத்திருக்க முடியாது. தடித்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது தொழிலில் சொல்லும் பருமட்டான கணக்கு. இருபக்கமும் உலர்ந்தாலும் பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்பது மாதம் ஆகிவிடும். ஆகவே, பூசிய பின்னும் உலர்ந்துகொண்டே போகக்கூடிய பூச்சைத் தெரிவுசெய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

இனி அந்த முரட்டுப் பூச்சுக்கு வருவோம். அதன் மேடுபள்ளம் பத்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். புட்டி என்பது மெல்லிய இறுதிப் பூச்சு. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர், மொத்தமாக இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போனால் வெடிக்கும், அல்லது தகடாகக் கழரும். பத்து மில்லிமீற்றர்ப் பள்ளத்தை அதனால் நிரப்ப முயல்வது, கறிக்கு உப்புப் போடும் கரண்டியால் சோறு பரிமாறுவதைப் போன்றது. முரட்டுப் பூச்சு சுவரில் உறுதியாக ஒட்டியிருந்து, அதன்மேல் பெயின்ட் படலம் இல்லாமலும் இருந்தால், அதன் முரடே புதுச் சாந்துக்கு நல்ல பிடிமானம், உடைக்க வேண்டியதில்லை. துருத்தும் முனைகளை உளியால் தட்டி, பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, பொள்ளலான இடங்களை மட்டும் கல் தெரிய எடுத்துவிட்டு, பூசுவதற்கு முதல் நாள் மாலையும் அன்று காலையும் நீர் தெளித்து, மேற்பரப்பில் நீர் பளபளக்காத நிலையில் சமப்படுத்தும் சாந்தைப் பூசலாம். கபுக் வெளியே தெரியும் இடத்தில் இந்த நனைப்பு மிக முக்கியம், இல்லாவிட்டால் கல் சாந்தின் நீரை ஒரே மூச்சில் குடித்துவிடும். சாந்து இறுகாமல் வெறும் மணலாக நிற்கும்.

கலவையைப் பொறுத்தவரை, பழைய பூச்சு சீமெந்தாக இருந்தால் சீமெந்து ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. சுண்ணாம்பாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்பது. ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரையுள்ள அடிப்பகுதியில் பழையதை முற்றாக எடுத்துவிட்டு, சில வாரங்கள் வெறுங்கல்லாக விட்டு, வெளிவரும் உப்பைக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிட்டு, சீமெந்து சேர்க்காமல் சுண்ணாம்பும் மணலும் மட்டும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து பூசுங்கள். உப்பைக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். இந்த அடிப்பகுதிப் பூச்சு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உப்பைச் சுமந்து பொரிந்து விழுந்தால் அது தோல்வியல்ல, அதன் வேலையே அதுதான். கல்லைக் காப்பதற்காகத் தன்னைக் கொடுக்கிறது. எந்தப் படையும் பன்னிரண்டு மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். கூடுதலாக வேண்டியிருந்தால் இரண்டு தடவையாகப் பூசுங்கள், முதற்படையில் கீறல் போட்டு இறுகவிட்டபின் இரண்டாவதைப் பூசுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முற்காலக் கொழும்பின் சுண்ணாம்பு தென்மேற்குக் கரையின் பவளப்பாறையைச் சுட்டு எடுத்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் பவளம் அகழ்வதைத் தடுத்தன, அது நியாயமும்கூட. இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு மாத்தளைப் பக்கத்து டொலமைட்டைச் சுட்டு எடுப்பது. டொலமைட்டில் மக்னீசியம் சேர்ந்திருப்பதால் அது நீரில் நீறுவதற்கு அதிக நேரம் எடுக்கும். நீறாத துகள்கள் பூச்சுக்குள் தங்கினால், மாதங்கள் கழித்து ஈரத்தை வாங்கி வீங்கி, சுவரில் சிறு சிறு குழிகளாக வெடிக்கும். பெயின்ட் அடித்த பிறகு, நடுவில் வெள்ளைப் பொட்டோடு சல்லிக்காசு அளவில் பூச்சு தெறித்து விழுந்த சுவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது மேசனின் கைக்குறை அல்ல, சுண்ணாம்பின் அவசரம். எனவே வாங்கிய சுண்ணாம்பைப் பீப்பாயில் நீரோடு கரைத்து, சல்லடையில் வடித்து, குறைந்தது இரண்டு மூன்று வாரங்களாவது நீருக்கடியில் ஊறவிடுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய்போல் இழையும்.

மணலிலும் அதே கவனம் வேண்டும். ஆற்றுமணல் அருகிய பிறகு, கடலிலிருந்து உறிஞ்சி முத்துராஜவெலவில் குவித்து மழையில் உப்புக் கழுவவிடும் மணல் கொழும்புக்குப் பரவலாக வருகிறது. நன்றாகக் கழுவியிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் உட்சுவர்ப் பூச்சுக்குள் உப்பு போனால் நீங்களே சுவருக்கு நோயை வாங்கிக் கொடுத்ததாகும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கைப்பிடி மணலைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கித் தெளியவிட்டு அந்த நீரை நாவில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது பழைய வழி. முரட்டுத்தனமான சோதனைதான், ஆனால் மோசமான லோட்டைப் பிடித்துவிடும். உங்கள் அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, உயரம் பன்னிரண்டு அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு சுவரும் சேர்ந்து 624 சதுர அடி. சராசரி பத்து மில்லிமீற்றர் தடிப்பில் முழுவதும் பூசினாலும் கால் கியூப் (25 கன அடி) மணலும் நான்கு பை சீமெந்தும் போதும். இவ்வளவு சிறிய அளவுக்கு நல்ல மணலைத் தேடி வாங்குவது செலவைப் பெரிதாகக் கூட்டிவிடாது.

முரட்டுப் பூச்சின்மேல் வெளிச்சுவர்ப் பெயின்ட் தடிப்பாக ஏறியிருந்தால் நிலைமை மாறும். நீர்த்துளி விட்டால் உறிஞ்சாமல் உருண்டு ஓடும் அந்தப் படலத்தில் எந்தச் சாந்தும் நிலைக்காது. கரையக்கூடியதைக் கரைத்துச் சுரண்டலாம். முடியாவிட்டால், கறல் பிடிக்காத நாக முலாம் பூசிய விரிப்பு வலையைச் சுவரில் விரித்து, பூச்சிலல்லாமல் பின்னாலுள்ள கல்லில் இறுகும்படி ஆணி அடித்து, அதன்மேல் பூசலாம். ஆனால் உங்கள் சுவரில் பொள்ளல் பாதிக்கு மேல் இருந்தால், இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம், முழுப் பூச்சையும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தூசிதான்.

அறையின் பிற பக்கங்களில் சுண்ணாம்பு வெள்ளை பலபடையாக ஏறியிருந்தால் அதைச் சுரண்டாமல் புட்டி இழுக்கக் கூடாது, அது மாவின்மேல் பூசிய மாவாகவே இருக்கும். பழைய கொழும்பு வீடுகளில் இடுப்பளவுக்கு எனாமல் அடிக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பளபளப்பை உடைக்காமல் மேலே எதுவும் ஒட்டாது. இலங்கையில் பெயின்ட்டின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய எனாமல் எதையும் ஈயம் கொண்டதாகவே கருதி, உலரத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்த்து, வண்டலைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அந்த வேலை முடியும்வரை அவர்கள் வேறிடத்தில் இருப்பது நல்லது.

புதுச் சீமெந்துக் கல் சுவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு கலவையில் ஒரே பூச்சும், அதன்மேல் வெள்ளைச் சீமெந்து அடிப்படையிலான புட்டியும் தாராளமாகப் போதும். உங்கள் பாஸ் சொன்னது இந்தச் சுவருக்குத்தான் சரி. கவனம் வேண்டியது அது பழைய கபுக் சுவரைச் சந்திக்கும் மூலையில். இரண்டு சுவருக்கும் வெவ்வேறு அத்திவாரம், வெவ்வேறு அசைவு. அந்த இணைப்பில் வெடிப்பு வரத்தான் போகிறது. வலை ஒட்டி மறைக்கப் பலர் முயல்வார்கள். நானோ அந்த மூலையில் கரண்டி முனையால் மேலிருந்து கீழ்வரை நேரான ஒரு வெட்டுக்கோட்டைத் திட்டமிட்டே விட்டுவிடுவேன்; வெடிப்பு வந்தால் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். மின்குழாய்களுக்கான காடி வெட்டும் வேலையும் பூச்சுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். கபுக் சுவரில் குறுக்காக நீளக் காடி வெட்ட விடாதீர்கள், நெடுக்காக மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

மைத்துனர் சொன்ன ஜிப்சம் போர்ட் விரைவானது, நேரானது, தூசி குறைந்தது. உலர்ந்த சுவருக்கு முன்னால் அதை நான் எதிர்க்க மாட்டேன். உங்கள் முன்சுவருக்கு முன்னால் எதிர்ப்பேன். ஜிப்சம் நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் கரையும் பொருள். அதன் இருபக்கக் கடதாசியும் பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. போர்ட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஈரம் தேங்கும், கரப்பானும் எலியும் குடியேறும். மரச்சட்டத்தில் அடித்தால் கறையானும் சேரும். எல்லாவற்றையும்விட, சுவரில் நடப்பது எதுவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த அறைக்குக் குளிரூட்டி பொருத்தும் எண்ணம் இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டுக் கட்டடக் கைநூல்கள் சுவரின் அறைப்பக்கத்தில் ஆவித்தடுப்புப் பொலித்தீன் விரிக்கச் சொல்லும். அங்கே வெம்மையும் ஈரமும் உள்ளே, குளிர் வெளியே. இங்கே தலைகீழ். 28 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதமுமுள்ள நமது சாதாரணக் காற்று ஏறத்தாழ 24 பாகைக்குக் குளிர்ந்தவுடன் நீராகப் படியத் தொடங்கும். நீங்கள் அறையை 20 பாகையில் வைத்தால், வெளிப்பக்கமிருந்து சுவருக்குள் வரும் ஆவி, அறைப்பக்கத்துப் பொலித்தீனிலோ வைனில் சுவர்த்தாளிலோ பளபளப்பான பெயின்ட் படலத்திலோ முட்டி அங்கேயே நீராகிவிடும். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே உட்புறம் ஆவி கடக்கக்கூடிய மட்டான பூச்சாகவே இருக்கட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். குளிரூட்டியை 25, 26 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள்.

சீலிங்கில் கொங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கும்போது அழகு ஒரு பொருட்டல்ல. பொள்ளலாக ஒலிக்கும் எந்தத் துண்டும் ஒருநாள் யாராவது ஒருவரின் தலைக்குத்தான் இறங்கும். கடற்காற்று வீசும் கொழும்பில் பழைய தளங்களின் கம்பி கறல் பிடித்து, வீங்கி, கீழ்க்கொங்கிரீட்டைத் தள்ளிவிடுவது சாதாரணம். கம்பி போகும் திசையில் பழுப்புக் கோடோ நீள வெடிப்போ தெரிந்தால் அதன்மேல் பூசி மறைக்காமல், பொறியியலாளர் ஒருவரைக் காட்டி, கறலை நீக்கிக் கம்பியைக் காப்பிட்டு ஒட்டுச்சாந்தால் திருத்திய பிறகே மேலே போக வேண்டும். தளம் நல்ல நிலையிலிருந்தால் அதற்குச் சாந்தே வேண்டியதில்லை. பலகை அச்சு விட்ட மழமழப்பைக் கம்பித் தூரிகையால் கீறி, ஒட்டுத்திரவம் பூசி, புட்டியை இரண்டு மெல்லிய தடவையாக இழுத்தால் போதும். சாந்து பூசியே ஆக வேண்டுமானால் ஆறேழு மில்லிமீற்றருக்கு மேல் போகாதீர்கள். மேலே பூசும் சாந்துக்குப் பாரமே முதல் எதிரி.

அஸ்பெஸ்டஸ் தட்டைத் தகடுகளை அறுக்கவோ துளையிடவோ உரசவோ விடாதீர்கள். உடையாத தகடு பெரிதாகத் தீங்கு செய்யாது, தூசியாகும்போதுதான் அதன் நார்கள் நுரையீரலுக்குள் போகின்றன. இந்த நாட்டில் 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவு, 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா ஒரு வண்டைக் காரணம் காட்டி நமது தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கப்பட்டது என்பதை நினைத்தால், இந்தத் தகடு இன்னும் பல ஆண்டுகள் நம் தலைக்கு மேலேதான் இருக்கும் போலும். உங்களுடைய தகடுகள் முழுதாக இருந்தால் அவற்றை அப்படியே பெயின்ட் அடித்து மூடிவிடலாம். எடுக்கத் தீர்மானித்தால், நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுத்தகடாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். வேலை செய்பவர்களுக்கு நுண்தூசியைத் தடுக்கும் தரமான முகமூடி வேண்டும், துணிக்கட்டு போதாது.

அந்த இடத்தில் புதுச் சீலிங் அடிக்க ஜிப்சம் போர்ட்டைவிட ஈரத்தைத் தாங்கும் நார்ச்சீமெந்துத் தகட்டை நான் விரும்புவேன். அஸ்பெஸ்டஸ் கலவாதது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓட்டுக் கூரையில் எங்காவது ஓர் ஓடு விலகினால் முதல் மழையிலேயே ஜிப்சம் போர்ட் தொப்பையாகத் தொங்கிவிடும். மழை போதாதென்று மரநாயும் இருக்கிறது. கொழும்பின் பழைய கூரைகளில் இரவில் ஓடும் அந்தப் பிராணி ஓரிடத்தையே கழிப்பிடமாக்கிக்கொள்ளும். அந்தக் கறையை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது, மணத்தையும் மறைக்காது. சீலிங்கை மூடுவதற்கு முன் கூரை ஓரங்களின் திறப்புகளுக்குக் கம்பிவலை அடியுங்கள், ஆனால் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள். மின்விசிறிக் கொளுக்கியை எக்காரணம் கொண்டும் சீலிங் சட்டத்தில் மாட்டாமல், தளத்திலோ கூரை வளையிலோ நேரே பொருத்துங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள். ஒக்டோபர், நவம்பரில் தொடங்கினால் பூச்சு உலரவே உலராது. சீமெந்து கலந்த பூச்சை ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள், அதன்பின் நான்கு வாரம் விடுங்கள். புதுப் பூச்சின் காரத்தில் பெயின்ட்டின் எண்ணெய் சவர்க்காரமாகிவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு காரத்தைத் தாங்கும் வோல் ஃபில்லர் (பெயின்ட்டுக்கு முந்திய அடிப்பூச்சு) ஒரு தடவையும், மட்டான எமல்ஷன் இரண்டு தடவையும் அடியுங்கள். பழைய முன்சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் ஃபில்லரும் எமல்ஷனும் வேண்டாம், முதலாண்டு வெறும் சுண்ணாம்பு வெள்ளை அடித்து விடுங்கள்; ஈரக்கோடு இறங்குகிறதா ஏறுகிறதா என்பதை அது உள்ளபடி காட்டும். இந்த நான்கு வாரத்தைப் பெரும்பாலும் கெடுப்பது கூலி பேசும் முறைதான். பூச்சையும் பெயின்ட்டையும் ஒரே ஒப்பந்தமாகப் பேசினால் பாஸ் அடுத்த வேலைக்குப் போகும் அவசரத்தில் பத்தாம் நாளே தூரிகையை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் வீடு இருக்கிறது. பூச்சுக்குத் தனியாக, பெயின்ட்டுக்குத் தனியாக விலை பேசி, பூச்சு முடிந்த அன்றே அதற்கான கூலியை முழுவதுமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து அவரை மறுபடியும் கூப்பிடுங்கள்.